மக்கள் தொகைக் கணக்கெடுப்பு: எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்றதும் பொதுமக்களிடையே வழக்கமாக மூன்று கேள்விகள் எழுவதுண்டு. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் அரசாங்கத்தின் பதிவில் இருக்கும்போது வீடு வீடாக வந்து எண்ணுவது ஏன்? கொடுக்கின்ற விவரங்கள் வருமான வரி அலுவலகத்துக்கோ குடிநுழைவு இலாகாவுக்கோ போய்ச் சேர்ந்துவிடாதா? கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் ஒரு குடும்பம் விடுபட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

மூன்றும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் உண்டு. ஆனால் அதைவிடத் தெளிவான பதில் மலாயாவின் கடந்த 150 ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. குறிப்பாக, பால்மரத் தோட்டங்களை நம்பிக் கப்பலேறி வந்த தமிழர்களின் வரலாற்றில் இருக்கிறது.

அரசனின் கணக்கும் மக்களின் கணக்கும்

ஆட்களை எண்ணும் வழக்கம் மிகப் பழையது. வரி வசூலிக்கவும் படைக்கு ஆள் திரட்டவும் அரசர்கள் குடிகளை எண்ணினார்கள். வரி கட்டுபவனுக்கும் ஆயுதம் ஏந்தக் கூடியவனுக்கும்தான் அந்தக் கணக்கில் மதிப்பு. பெண்களையும் குழந்தைகளையும் பற்றி அரசனுக்குக் கவலை இல்லை. அதனால்தான் கணக்கெடுக்க ஆள் வருகிறான் என்றாலே மக்கள் ஓடி ஒளிந்தார்கள். அந்தப் பழைய அச்சம் இன்றும் முற்றாக விலகவில்லை.

இன்றைய கணக்கெடுப்பு அதிலிருந்து வேறுபட்டது. உலக நாடுகள் ஒப்புக்கொண்டுள்ள நான்கு இலக்கணங்கள் அதற்கு உண்டு. முதலாவது, ஒவ்வொரு மனிதரும் தனித்தனியாக எண்ணப்பட வேண்டும். இரண்டாவது, நாட்டு எல்லைக்குள் இருப்பவர் எவரும் விடுபடக் கூடாது. மூன்றாவது, எல்லாரும் ஒரே நாளை அடிப்படையாகக் கொண்டு எண்ணப்பட வேண்டும். நான்காவது, குறிப்பிட்ட கால இடைவெளியில் அது மீண்டும் மீண்டும் நடைபெற வேண்டும். அரண்மனைவாசியும் ஒருவர்தான், பாலத்தடியில் படுத்திருப்பவரும் ஒருவர்தான். நேற்றுப் பிறந்த குழந்தையும் ஒன்று, நூறு வயதுப் பாட்டியும் ஒன்று.

1871-இல் தமிழர்களுக்கு என்ன பெயர்?

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1871-இல் முறையான கணக்கெடுப்பு நடந்தது. சிங்கப்பூரில் 97,111 பேர், பினாங்கில் 133,230 பேர், மலாக்காவில் 77,756 பேர், ஆக மொத்தம் 308,097 பேர் எண்ணப்பட்டார்கள். அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எண்ணுவது வழக்கமாயிற்று. பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய மலாய் மாநிலங்களிலும் 1891 முதல் கணக்கெடுப்பு தொடங்கியது.

1871-ஆம் ஆண்டுப் பட்டியலில் தேடினால் 'தமிழர்' என்ற சொல் கிடைக்காது. 'கிளிங்' என்று ஒரு பிரிவு இருந்தது. 'இந்து' என்று இன்னொரு பிரிவு இருந்தது. 'வங்காளிகளும் குறிப்பிடப்படாத பிற இந்தியர்களும்' என்று மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. ஒன்று ஊரை வைத்துப் பிறந்த பெயர், ஒன்று சமயத்தின் பெயர், மற்றொன்று எதிலும் அடங்காதவர்களைப் போட்டு வைத்த பெட்டி. வந்திருப்பவர்கள் யார் என்று எண்ணியவர்களுக்கே தெளிவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. 'தமிழர்' என்ற பெயர் 1881-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. 1891-இல் 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்' என்ற தலைப்பே உருவானது. பிறகு அந்தத் தலைப்பு மறைந்து, 'இந்தியர்' என்ற பெருந்தலைப்பின் கீழ்த் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் என்ற உட்பிரிவுகள் வந்தன.

ஜாவிப் பெக்கான் எனப்பட்ட சமூகத்தின் கதை இதைவிட விசித்திரமானது. தமிழ் முஸ்லிம் ஆடவர்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் அவர்கள். 1871-இல் அவர்கள் தனிப் பிரிவாக இருந்தார்கள். 1891-இல் 'மலாய்க்காரர்களும் தீவுக்கூட்டத்தின் பிற மக்களும்' என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டார்கள். அந்த மக்களின் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. பேசிய மொழியும் சாப்பிட்ட சோறும் அதேதான். அலுவலகத்தில் ஒருவர் படிவத்தை மாற்றி அச்சிட்டார், அவ்வளவுதான்.

மலாயா முழுவதும் சிங்கப்பூரும் முதன்முறையாக ஒரே கணக்கெடுப்பின் கீழ் வந்தது 1921-இல். அடுத்த 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய அதிகாரி விலிலண்ட், 'இனம்' என்ற சொல்லுக்குக் கறாரான பொருள் இல்லை என்பதைத் தம் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதினார். பூர்வீகம், தோற்றம், அரசியல் சார்பு, சமூக உறவு ஆகியவற்றை நடைமுறை வசதிக்காகக் கலந்து வைத்த ஒன்றாகவே கணக்கெடுப்பில் அந்தச் சொல் பயன்படுகிறது என்பது அவர் கருத்து. எண்ணியவருக்கே இருந்த இந்த ஐயம், எண்களைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இருப்பது நல்லது.

ஒரு பத்தாண்டு காணாமல் போனது

1921-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்கள் இருந்தார்கள். 1931-இல் அது சுமார் 6 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அடுத்த கணக்கெடுப்பு 1941-இல் நடந்திருக்க வேண்டும். போர் வந்ததால் அது நடக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரை இறங்கியது.

போர் ஓய்ந்து, நாடு மூச்சு விட்ட பிறகு 1947 செப்டம்பரில்தான் மீண்டும் கணக்கெடுப்பு நடந்தது. பதினாறு ஆண்டு இடைவெளி. இடையில் எத்தனையோ குழந்தைகள் பிறந்திருந்தன. ஆனாலும் இந்தியர்களின் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்திருந்தது. மலாயா, சிங்கப்பூர் இரண்டையும் சேர்த்துச் சுமார் 6 லட்சம் பேர்தான் எண்ணப்பட்டார்கள்.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. ரப்பர் விலை சரிந்த பொருளாதார மந்தக் காலத்தில் வேலையிழந்த தோட்டத் தொழிலாளர்கள் பெருந்தொகையாகத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பின்னர் விலை ஏறியபோது மீண்டும் ஆட்கள் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவித் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. புதிதாக வருவோர் தொகை சுருங்கியது. போருக்குப் பின் ஊர் திரும்பியவர்களும் உண்டு. இவற்றோடு, பலரும் பேசத் தயங்கிய இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் சயாம் மரண ரயில் பாதை.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர்கள் 1942, 1943 ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளப் பாதையை அமைத்தார்கள். அங்கே நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களின் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை பதிவாகியிருக்கின்றன. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள். பூச்செடிகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களும் வேலை செய்தார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கைதிகளைவிட அதிகமாகவே வாரிக்கொண்டு போயின. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கேட்டால், ஆய்வாளர்கள் தரும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போவதில்லை. காரணம் எளிது. படைவீரனுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. 1941-இல் எண்ணியிருந்தால் எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றாவது தெரிந்திருக்கும். அந்தக் கணக்கும் இல்லாமல் போயிற்று. மிஞ்சியது 1931-க்கும் 1947-க்கும் இடையில் விழுந்த பள்ளம் ஒன்றுதான். அந்தப் பள்ளத்தில் மந்தக் காலமும் இருக்கிறது, தடையும் இருக்கிறது, மரண ரயிலும் இருக்கிறது. எதற்கு எவ்வளவு பங்கு என்று இனிப் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

கணக்கெடுப்பின் அருமையை விளக்க இதற்கு மேல் ஓர் எடுத்துக்காட்டு தேவையில்லை. எண்ணப்படாதவர் இறந்தால், அந்த இறப்புக்கும் கணக்கில்லை.

'எங்கே பிறந்தவர்?' என்ற ஒரு கேள்வி

அதே 1947-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இன்னொரு செய்தியையும் சொன்னது. கணக்கெடுப்புப் படிவத்தில் பிறந்த இடம் எது என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்து வந்தது. சாதாரணக் கேள்வி. பதிலும் ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கூட்டிப் பார்த்தபோது வரலாறே திரும்பியது.

1931-இல் மலாயா இந்தியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் இம்மண்ணில் பிறந்தவர். ஆண்கள் மிக அதிகம், பெண்கள் குறைவு. சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களின் கூட்டம் என்று அதைச் சொல்ல இடமிருந்தது. 1947-இல் ஏறக்குறையப் பாதிப் பேர் இங்கே பிறந்தவர்களாக இருந்தார்கள். 1957-இல் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியது. பெண்களின் விகிதமும் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு உயர்ந்து கொண்டே வந்தது. லயன் வீடுகளில் குடும்பங்கள் வேரூன்றிவிட்டன என்பதை எண்கள் காட்டின.

இந்தியர்கள் 'வந்து போகிறவர்கள்' என்ற பேச்சு வலுவாக இருந்த காலம் அது. 1948-ஆம் ஆண்டுக் கூட்டரசு ஒப்பந்தத்திலும் 1957-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் குடியுரிமை பற்றி விவாதித்தபோது, பிறப்பிடம் முக்கியமான அளவுகோலாக இருந்தது. கணக்கெடுப்பு எவருக்கும் குடியுரிமை வழங்கவில்லை, வழங்கவும் முடியாது. ஆனால் 'வந்து போகிறவர்கள்' என்ற வாதத்துக்கு முன்னால் வைக்க ஓர் உண்மை கிடைத்தது.

அந்த உண்மை ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்திரமாக மாறவில்லை என்பது வருத்தத்துக்குரியது. குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்டவர்கள் பலர். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் விதி கடுமையானபோது, அவர்களில் ஆயிரக்கணக்கானோர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. கூட்டத்தோடு எண்ணப்படுவது வேறு, தன் பெயரில் பத்திரம் எடுத்து வைப்பது வேறு. இரண்டும் வேண்டும்.

எண்கள் திட்டங்களாகும் விதம்

சுதந்திரத்துக்குச் சுமார் இரண்டரை மாதங்களுக்கு முன், 1957 ஜூன் 17-ஆம் நாள் நள்ளிரவை அடிப்படையாக வைத்து மலாயாக் கூட்டரசின் மக்கள் எண்ணப்பட்டார்கள். மொத்தம் 6,278,758 பேர். எத்தனை பள்ளிக்கூடம் கட்டுவது, எத்தனை ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது, எந்த மாவட்டத்துக்கு மருத்துவமனை வேண்டும் என்று புதிய அரசாங்கம் திட்டமிட்டபோது கையில் இருந்த கணக்கு அதுதான்.

சபா, சரவாக் உட்பட மலேசியா முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணப்பட்டது 1970-இல். கணக்கெடுப்பு முடிந்ததும் விடுபட்டவர்களைக் கண்டறிய, தேர்ந்தெடுத்த சில வட்டாரங்களில் மீண்டும் வீடு வீடாகச் செல்வது வழக்கம். 1970-இல் அவ்வாறு சென்றபோது வருமானத்தையும் கேட்டறிந்தார்கள். தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன என்ற புகழ்பெற்ற எண் அதிலிருந்து பிறந்ததுதான். புதிய பொருளாதாரக் கொள்கை அந்த எண்ணை வைத்தே தன் இலக்குகளை வகுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'இந்தியர்' என்று ஒரே வரியில் போட்டு வருமானத்தைச் சராசரி பார்த்தால், நகரத்து வழக்கறிஞரும் மருத்துவரும் பால் வெட்டும் தொழிலாளியும் ஒரே தட்டில் நிற்பார்கள். சராசரி நடுவில் விழும். தோட்டத்து வறுமை அதில் மறைந்துவிடும். எனவே மொத்த எண்ணோடு நிற்காமல், எந்த வட்டாரம், என்ன தொழில், எத்தகைய வீடு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பிரித்துப் பார்க்க உதவுவதும் கணக்கெடுப்பே.

வேலை எப்படி நடக்கிறது?

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டத்தின்படி புள்ளிவிவர இலாகா இந்தப் பணியைச் செய்கிறது. முதலில் நாடு முழுவதும் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு வட்டாரத்தில் ஏறக்குறைய 80 முதல் 120 குடியிருப்புகள் இருக்கும். வரைபடத்தில் ஆறு, சாலை, ரயில் பாதை ஆகியவை எல்லைகளாகக் குறிக்கப்படும். வீடு மட்டுமின்றி, கடை மாடி, கட்டுமானத் தளத்துக் கொட்டகை, விடுதி, முதியோர் இல்லம் என்று மனிதர் தங்கும் இடமெல்லாம் பட்டியலில் சேரும். ஒரே வீடு இருமுறை எண்ணப்படாமலும் ஒன்றுகூட விடுபடாமலும் இருக்கவே இந்த ஏற்பாடு.

அடுத்து, யாரை எங்கே எண்ணுவது என்ற சிக்கல். 1980 வரை கணக்கெடுப்பு நாளில் எங்கே இருந்தாரோ அங்கேயே ஒருவர் எண்ணப்பட்டார். ஈப்போக்காரர் அன்றிரவு கோலாலம்பூரில் தங்கியிருந்தால் அவர் கோலாலம்பூர்க் கணக்கில் சேர்ந்தார். 1991 முதல், வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணும் முறை வந்தது. பள்ளியும் குடிநீரும் மனிதர் வாழும் இடத்தில்தானே தேவை.

2010-இல் இணையம் வழியாகவும் விவரம் அளிக்க வாய்ப்பு தரப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஜூலை 7-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு இணையத்தில் தொடங்கியது. கொரோனா பெருந்தொற்றினால் வீடு வீடாகச் செல்லும் பணி 2021-க்குத் தள்ளிப் போயிற்று. முக்கிய முடிவுகள் 2022 பிப்ரவரியில் வெளிவந்தன. மொத்த மக்கள் தொகை 3 கோடியே 24 லட்சம். அதில் சுமார் 27 லட்சம் பேர் குடியுரிமை இல்லாதவர்கள். 1970-இல் 28.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தார்கள், 2020-இல் 75.1 விழுக்காட்டினர். 65 வயதைக் கடந்தவர்கள் 2010-இல் 5 விழுக்காடு, 2020-இல் 6.8 விழுக்காடு. பிரசவ விடுதிகளைப் போலவே முதியோர் மருத்துவப் பிரிவுகளும் பெருக வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

தமிழர்களை அதிகம் கவலைக்குள்ளாக்கும் எண் ஒன்று உண்டு. 1957-இல் மலாயா மக்களில் இந்தியர்கள் 11.1 விழுக்காடு. 2020-இல் மலேசியக் குடிமக்களில் 6.7 விழுக்காடு. சமூகமே அழிந்து வருகிறது என்று மேடைகளில் சிலர் சொல்வதுண்டு. நிதானமாகப் பார்த்தால், 1957-இல் இருந்தவர்கள் 6 லட்சத்து 96 ஆயிரம் பேர், 2020-இல் இருப்பவர்கள் சுமார் 20 லட்சம் பேர். தொகை ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கிறது. மற்ற சமூகங்களில், குறிப்பாகப் பூமிபுத்ராக்களிடையே, வளர்ச்சி வேகம் இதைவிட அதிகம். 1957-ஆம் ஆண்டுக் கணக்கில் சபாவும் சரவாக்கும் இல்லை. குடும்பங்களில் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. ஆக, விழுக்காடு குறைவதும் மக்கள் குறைவதும் ஒன்றல்ல. ஆனால் பங்கு சுருங்கும் சமூகம் கல்வியிலும் பொருளாதாரத்திலும் தன் இடத்தை வேறு வகையில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதும் உண்மைதான். பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

சிங்கப்பூர்க் கணக்கெடுப்பு தரும் செய்தி வேறு வகையானது. அங்கே வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று கேட்கிறார்கள். 2010-இல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காட்டினர் தமிழ் என்றார்கள். 2020-இல் அது 2.5 விழுக்காடு. வாசலுக்கு வந்த அதிகாரி இந்த எண்ணைக் குறைக்கவில்லை. வீட்டுக்குள் நடப்பதை அவர் எழுதிக்கொண்டு போனார்.

மூன்று கேள்விகளுக்கும் பதில்

அரசாங்கப் பதிவேடுகள் இருக்க, கணக்கெடுப்பு ஏன் என்பது முதல் கேள்வி. சிங்கப்பூர் 2000-ஆம் ஆண்டு முதல் அடிப்படை எண்ணிக்கையைப் பதிவேடுகளிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சிறிய நாடு, முகவரி மாறினால் பதிவும் மாறுகிறது. மலேசியாவில் அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி இருக்கும், ஆள் நகரத்து அடுக்குமாடியில் இருப்பார். பிறப்புப் பத்திரமே இல்லாத குழந்தைகள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். அவர்களைக் காண வாசலுக்குத்தான் வர வேண்டும்.

விவரங்கள் வெளியே போகுமா என்பது இரண்டாவது. தனிமனிதர் விவரங்களை வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை. கூட்டிய எண்களே வெளிவருகின்றன. கணக்கெடுப்பின் வேலை எண்ணுவது, பிடிப்பதல்ல. பத்திரம் இல்லாதவரும் எண்ணப்பட வேண்டியவரே.

ஒரு குடும்பம் விடுபட்டால் என்ன என்பது மூன்றாவது. ஒரு குடும்பத்தால் நாட்டின் கணக்கு மாறிவிடாதுதான். ஆனால் விடுபடுகிறவர்கள் ஒரே மாதிரியானவர்களாக இருப்பார்கள். வாடகை அறையில் மாறி மாறிக் குடியிருப்பவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், பத்திரம் இல்லாதவர்கள், கதவைத் தட்டினாலே அஞ்சுகிறவர்கள். உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே கணக்கில் குறைந்து போவார்கள். கணக்கில் குறைந்தால் திட்டத்திலும் குறைவார்கள்.

மலேசியாவின் அடுத்த கணக்கெடுப்பு, பத்தாண்டு வழக்கப்படி 2030-இல் நடைபெற வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லாரையும், நேற்றுப் பிறந்த பிள்ளை முதல் படுக்கையில் இருக்கும் பெரியவர் வரை, சரியாகச் சொல்வது ஒரு குடும்பத்துக்குச் சில நிமிட வேலை. சயாம் பாதையில் விழுந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களைக் கொடுக்க அன்று யாரும் இல்லை.